குன்றின் மேலிட்ட விளக்கு

உலகம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வருகிறது. நம் தாத்தாமார் கமலை கட்டி இறைத்த கிணறுகளில் இன்று மின்மோட்டார் ஓடுகிறது. கடிதம் எழுதிய கைகள் இன்று கைப்பேசியைத் தொடுகின்றன. நாளை எத்தொழில் வரும், எது மறையும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் இயலவில்லை. அவ்வாறாயின், அந்த நாளைக்கு இன்றைய மாணவியரை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது? அவர்களை ஆயத்தப்படுத்தும் ஆசிரியரை யார் ஆயத்தப்படுத்துவது? இக்கேள்விகளுக்குத் தம் வாழ்நாளெல்லாம் விடை தேடியவர் ஓர் அம்மையார். தொலைதூர இத்தாலியில் பிறந்த அவர், நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வடகிழக்கே, பெரியகுளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் கொடைக்கானல் மலையில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார் என்று அறிந்தபோது நாங்கள் வியப்புற்றோம். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

மரியா 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் கியாரவாலே என்னும் சிற்றூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அரசாங்க அலுவலர். தாய் நூல்களை விரும்பிப் படிப்பவர். படித்த பெண்ணுக்கு ஆசிரியைப் பணி ஒன்றே தகும் என்று பலரும் எண்ணிய காலம் அது. மரியாவுக்கோ அப்பணியில் விருப்பமில்லை. கணிதத்தை நாடித் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயிலத் துணிந்தார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தாயோ மகளின் பக்கம் நின்றார். இறந்தோர் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில் ஆண் மாணவருடன் ஒரு பெண் நிற்பது தகாது என்று கூறி, வகுப்பு முடிந்தபின் அவரைத் தனியே படிக்கச் செய்தனர். அந்தத் தனிமையையும் அவர் பொறுத்தார். 1896-ஆம் ஆண்டு உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

ஆசிரியையாக விரும்பாத அவரை இறைவன் வேறொரு வழியாகப் பள்ளிக்கூடத்திற்கே அழைத்துச் சென்றார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை அந்நாளில் மனநோயாளர் விடுதியில் பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தனர். மருத்துவராக அங்கே சென்ற மரியா, அவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று, கைகளுக்கு ஏற்ற வேலையும் கல்வியும் என்று கண்டார். 1900-ஆம் ஆண்டு அத்தகைய பிள்ளைகளுக்காகவும் அவர்களின் ஆசிரியர்களுக்காகவும் தொடங்கப்பட்ட நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அங்கே படித்த பிள்ளைகள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் அதே தேர்வை எழுதித் தேறினர். ஊரார் அவரைப் புகழ்ந்தனர். அவரோ, குறையேதுமில்லாப் பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏன் இதற்குமேல் உயரவில்லை என்று கவலைப்பட்டார்.

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே தாய் தந்தையர் இருவரும் கூலி வேலைக்குச் சென்றுவிடுவர். பிள்ளைகள் கவனிப்பாரின்றி மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிவர். இதைப் படித்தபோது எங்களுக்கு நம் பண்ணைப்புரமே நினைவுக்கு வந்தது. பொழுது புலருமுன் ஏலத்தோட்ட வேலைக்காக ஜீப்பில் ஏறி மலைக்குச் செல்லும் தாய்மாரையும், அவர்கள் திரும்பும்வரை தெருவில் விளையாடி நிற்கும் சிறுபிள்ளைகளையும் நாம் அறியாதவர்களா?

அந்த இல்லத்தில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற நாற்காலிகளும் மேசைகளும் இருந்தன. சிறியதும் பெரியதுமான மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்த வேண்டும். ஒன்று தவறினால் கடைசி உருளைக்கு இடம் இராது. குழந்தை தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். பொத்தான் போடவும் முடிச்சுப் போடவும் சட்டங்கள் இருந்தன. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி, நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளே எழுதத் தொடங்கினர். ஒருவரும் பிரம்பு எடுக்கவில்லை, பரிசும் காட்டவில்லை. செய்யும் வேலையில் மனம் ஒன்றிய குழந்தைக்கு அவை இரண்டும் வேண்டியதில்லை என்று அம்மையார் கண்டுகொண்டார்.

பிள்ளைகளைவிட ஆசிரியர்களை மாற்றுவதே கடினம் என்பதையும் அவர் உணர்ந்தார். ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும். நிறைய உற்று நோக்க வேண்டும். குழந்தை தானே செய்யக்கூடியதைத் தாம் செய்துவிடலாகாது. பொறுமையும் தாழ்ச்சியும் பழக வேண்டும். ஆகவே 1909-ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளை நடத்தினார்.

முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்த முசோலினியின் அரசு, பிள்ளைகளைப் போர்வீரராக வளர்க்க முற்பட்டது. தாமே சிந்திக்கப் பழகிய பிள்ளைகள் அதற்கு உதவுவரோ? 1934-ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டை விட்டுப் பிரிந்தார். அங்கே அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்தார், 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்துக்குச் சென்றார்.

1939-ஆம் ஆண்டு இறுதியில், தம் 69-ஆம் வயதில், மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் பயிற்சிக்கு வந்து, ஓலைக் குடிசைகளில் தங்கிப் படித்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றே அவர் வந்திருந்தார். ஆனால் 1940-ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கவே, இங்கிருந்த ஆங்கில அரசுக்கு அவர்கள் பகை நாட்டினராயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறலாகாது என்று கட்டளை பிறந்தது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்றுதான் வைசிராய் மகனை விடுவித்தார்.

1942-ஆம் ஆண்டு இருவரும் கொடைக்கானலுக்கு வந்தனர். உலகமோ போர்த்தீயில் வெந்துகொண்டிருந்தது. அம்மையார் அம்மலையில் ஒரு சிறு பள்ளியை அமைத்தார். சிறியவரும் பெரியவருமான பிள்ளைகள் ஒன்றாகப் பயின்றனர். இலை, பாசி, பூச்சி, நீர், கல் ஆகிய அனைத்தையும் தேடிச் சேர்த்து, மண்ணும் மரமும் விலங்கும் மனிதனும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கற்றனர். படைத்தவரின் உலகம் ஒரே குடும்பம் என்று உணரும் பிள்ளை நாளை எந்த மாற்றத்திலும் தடுமாறாது என்பது அவர் நம்பிக்கை. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான அவருடைய கல்வித் திட்டம் நம் அண்டை மலையிலேதான் உருவாகி வளர்ந்தது. 1946-ஆம் ஆண்டு அவர் ஐரோப்பா திரும்பும் முன் இந்தியாவிலும் இலங்கையிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். சிறைபோல் வந்த காலத்தைச் சேவைக் காலமாக்கிய அவர், 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்தில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பலவற்றில் கட்டணம் மிகுதி. ஏழைப் பிள்ளைகளிடமிருந்து பிறந்த கல்வி ஏழைப் பிள்ளைகளுக்கே எட்டாமற் போகலாமோ? 2007-ஆம் ஆண்டு முதல் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, ஆசிரியர்கள் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தனர்; பிள்ளைகள் அட்டைகளைத் தாமே எடுத்துப் படித்தனர். அம்மையாரின் எண்ணத்தின் சாயலை அதிலே காணலாம்.

நாங்கள் மருத்துவராவோமோ, ஆசிரியையாவோமோ, இன்னும் பெயரே இல்லாத ஒரு தொழிலைச் செய்வோமோ, அறியோம். ஆயினும் கவனத்தோடு பார்க்கும் கண்ணும், தவறைத் தானே திருத்தும் கையும், புதியதற்கு அஞ்சாத மனமும் எங்கும் உதவும். அவை நமக்குத் தரப்பட்ட தாலந்துகள்; அவற்றை மண்ணில் புதைக்கலாகாது. இவ்வாண்டு விடுமுறையில், தாய்மார் மலையிலிருந்து திரும்பும்வரை நம் தெருப் பிள்ளைகளோடு அமர்ந்திருக்க நாங்கள் சிலர் முடிவு செய்துள்ளோம். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொண்டு எண்ணக் கற்பிப்போம். பிள்ளை தடுமாறும்போது பிடுங்கிச் செய்துவிடாமல் பொறுத்திருப்போம். அதுவே எங்கள் முதல் பயிற்சி. மலைமேல் எரிந்த அவ்விளக்கிலிருந்து ஒரு சிறு அகலையேனும் நம் பள்ளத்தாக்கில் ஏற்றுவோமாக!

பத்தாம் வகுப்பு மாணவி