பசித்த பிள்ளைக்குச் சோறு போட்ட முதல்-மந்திரி

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. சத்திரிய வித்தியாசாலை என்று பெயர். 1889-ல் தொடங்கியது. அந்தப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது தெரியுமா? பிடி அரிசியால் நடந்தது!

ஊரில் உள்ள பெண்கள் சோறு சமைக்க அரிசி எடுப்பார்கள். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அந்த அரிசியைச் சேர்ப்பார்கள். அதை விற்ற பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படித்தார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒரு பையன், பின்னாளில் நாட்டுக்கே வழி காட்டினான். அவர்தான் காமராஜர்.

பாதியில் நின்ற படிப்பு

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி பிறந்தார். தந்தை குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மாள். ஒரே தங்கை, நாகம்மாள்.

காமராஜர் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். குடும்பம் தத்தளித்தது. தாயார் தம் நகைகளை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். காமராஜர் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டார். தாய் மாமன் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் கிடையாது. ஆனாலும் அவரால் படிக்க முடியவில்லை. ஏன்? படிப்பு இலவசமாக இருந்தால் மட்டும் போதாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வயிற்றுக்குச் சோறு வேண்டும். இதைக் காமராஜர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டார்.

பிறகு அவர் சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் கைதாகிச் சிறை சென்றார். மொத்தம் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் சீமை

நாடு சுதந்திரம் அடைந்த பின், 1952-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. காமராஜர் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்றார். வெற்றி பெற்று டெல்லி பாராளுமன்றத்துக்குப் போனார்.

அன்று அந்தச் சீமை எப்படி இருந்தது?

மேற்கே மலை. அதன் அடிவாரத்தில் வத்திராயிருப்பு. அங்கே நெல் வயலும் தென்னந்தோப்பும் உண்டு. ராஜபாளையத்தில் பஞ்சாலை. கிழக்கே போகப் போக வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் சோளமும் விளையும். பெய்யாவிட்டால் பஞ்சம். சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டித் தொழில்.

தோப்பும் வயலும் ஊருக்கு உண்டு. ஆனால் கூலிக்காரன் வீட்டில் என்ன உண்டு? வயல் வேலை இருந்தால் கஞ்சி. வேலை இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பையன் மாடு மேய்த்தான். பெண் குழந்தை தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டினார்கள். அந்தச் சில்லறைக் காசும் வீட்டுக்கு வேண்டியிருந்தது.

சர்க்கார் பள்ளிக்கூடம் கட்டலாம். வாத்தியாரை அனுப்பலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளை யார் கொண்டு வருவது? எது கொண்டு வரும்?

கோட்டைக்குப் போனார்

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ந் தேதி காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார்.

பதவிக்கு வந்த ஆண்டிலேயே, அரை நாள் பள்ளிக்கூடத் திட்டத்தை எடுத்தார். 1953-ல் வந்த திட்டம் அது. பிள்ளைகள் அரை நாள் படித்து, மீதி நேரம் குடும்பத் தொழில் பழக வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. குலத்தொழிலுக்கே பிள்ளைகளைத் தள்ளும் என்று ஜனங்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் போயிற்று.

பிறகு ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டன. குழந்தை நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

காமராஜர் ஓயாமல் சுற்றுப்பயணம் செய்வார். வழியில் காரை நிறுத்தி ஜனங்களிடம் பேசுவார். பள்ளிக்கூடம் இருக்கிறதா, பிள்ளைகள் போகிறார்களா, போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்.

திருநெல்வேலி ஜில்லாவில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியை ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள். சேரன்மாதேவி அருகே ரெயில்வே கேட் மூடியிருந்தது. முதல்-மந்திரியின் கார் நின்றது. பக்கத்தில் சில சிறுவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகாதது ஏன் என்று அவர்களிடம் கேட்டார். போனால் சோறு யார் போடுவார்கள் என்று ஒரு சிறுவன் திருப்பிக் கேட்டானாம்.

இன்று ஆராய்ச்சியாளர்கள் கையில் காகிதத்தோடு வீடு வீடாகப் போகிறார்கள். சர்க்கார் திட்டம் ஏழைக்குப் போய்ச் சேருகிறதா என்று விசாரிக்கிறார்கள். காமராஜர் பட்டம் பெற்றவர் அல்ல. ஆனால் அதே கேள்வியைத்தான் கேட்டார். யாரிடம் கேட்டார்? திட்டத்துக்கு வெளியே நின்ற பிள்ளையிடமே கேட்டார்!

பகல் உணவு

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது முற்றிலும் புதிய யோசனை அல்ல. 1920-ல் சென்னை நகரசபை அதைச் செய்தது. அப்போது நகரசபைத் தலைவர் சர். பிட்டி. தியாகராயர். ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் அது தொடங்கியது. ஆனால் அது பட்டணத்துச் சில பள்ளிகளோடு நின்றது. பட்டிக்காட்டுக்கு வரவில்லை.

காமராஜர் காலத்தில் கல்வித்துறை டைரக்டராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. அவர் ஊர் ஊராகப் போனார். பெரியவர்களைக் கூட்டிப் பேசினார். 1956-ல் பல ஊர்களில் ஜனங்களே முன்வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். ஒருவர் அரிசி கொடுத்தார். ஒருவர் விறகு கொடுத்தார். ஒருவர் காய்கறி கொடுத்தார். விருதுநகர்ப் பிடி அரிசி, ராஜ்யம் முழுவதும் பரவியது போல் இருந்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. பணக்காரர் உள்ள ஊரில் நன்கொடை குவியும். எல்லாருமே கூலிக்காரர் என்றால் அந்த ஊரில் யார் கொடுப்பார்கள்? எந்த ஊருக்குச் சோறு மிகவும் தேவையோ, அந்த ஊரில்தான் கொடுக்க ஆள் இருக்காது. தருமத்தை மட்டும் நம்பினால் கடைசி ஏழைக்குச் சோறு போய்ச் சேராது.

ஆகவே 1957-ல் சர்க்கார் செலவில் பங்கு ஏற்றது. ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 10 நயா பைசா கணக்கு. அதில் சர்க்கார் 6 பைசா கொடுத்தது. ஊரார் 4 பைசா கொடுத்தார்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்று சிலர் கேட்டார்கள். காமராஜர் பின்வாங்கவில்லை. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடர், எண்ணெய் முதலியவற்றைக் கொடுத்து உதவியது.

எல்லாப் பிள்ளைக்கும் அன்று சோறு கிடைக்கவில்லை. மிக ஏழையான பிள்ளைகளுக்கே கிடைத்தது. ஆனாலும் பள்ளிக்கூடங்கள் நிரம்பத் தொடங்கின.

சோற்றோடு நிற்கவில்லை

வயிறு நிறைந்தாலும் கிழிந்த சட்டையோடு வரப் பிள்ளை கூசும். அதனால் இலவசச் சீருடை வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பெஞ்சு, பலகை, துணி, நிலம் என்று கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியிலும் சம்பளம் இல்லாமல் போயிற்று.

1955-ல் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பென்ஷன் திட்டம் வந்தது. 1962-ம் ஆண்டு ஏப்ரல் முதல், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவிப் பணம் கிடைத்தது.

பலன் என்ன? 1951-ல் இந்த ராஜ்யத்தில் 100 பேரில் சுமார் 21 பேருக்கே எழுத்துத் தெரியும். 1961-ல் அது 31 ஆயிற்று.

அவர் போன பிறகு

1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் பதவியை விட்டார். கட்சிப் பணிக்குப் போனார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். அவருடைய கட்சியும் ஆட்சியை இழந்தது.

ஆனால் பகல் உணவு நிற்கவில்லை! அடுத்து வந்தவர்களும் அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பிறகு முட்டை சேர்ந்தது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் காலை உணவும் தொடங்கியது.

ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2003-ல் ராஜஸ்தான், சத்தீஸ்கர், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பகல் உணவு வந்த பின் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகள் அதிகமானார்கள். அதிலும் பெண் குழந்தைகள் மிக அதிகம். பல ஜாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சில பெற்றோர் முகம் சுளித்ததும் உண்டு.

2021-ல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். பள்ளியில் பகல் உணவு சாப்பிட்ட பெண்கள் பிற்காலத்தில் தாயானார்கள். அவர்களுடைய குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட நல்ல உயரம் வளர்ந்திருந்தன. அதாவது, ஒரு சிறுமிக்குப் போட்ட சோறு, அவள் வயிற்றில் பிறந்த குழந்தைக்கும் பலம் கொடுத்தது!

வாடகை வீடு

காமராஜர் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில் காலமானார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதல்-மந்திரியாக இருந்தவர், சென்னையில் வாடகை வீட்டில் இருந்தார். சொத்துச் சேர்க்கவில்லை. 1976-ல் அவருக்குப் பாரத ரத்னா பட்டம் அளிக்கப்பட்டது.

1985-ல் ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரித்தபோது, வத்திராயிருப்பும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சேர்ந்த புது ஜில்லாவுக்குக் காமராஜர் பெயரையே வைத்தார்கள். இன்று அது விருதுநகர் மாவட்டம். ஜில்லாவின் பெயர் மாறியது. ஆனால் பகல் மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவது மாறவில்லை.

சர்க்கார் ஆயிரம் திட்டம் போடலாம். அது நல்ல திட்டமா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. வரிசையில் வந்து நிற்காத பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட காமராஜர் செய்தது அதுதான்.