ஊட்டியை உருவாக்கிய சல்லிவன்: ரெயில் வந்ததோ எதிராளி பாதையில்!

மேட்டுப்பாளையத்தில் மலை ரெயில் ஏறுகிறவர்கள் கல்லாறு, குன்னூர், கேத்தி வழியாக ஊட்டியில் போய் இறங்குகிறார்கள். கோத்தகிரிக்குப் போகிறவர்களுக்கு அந்த யோகம் இல்லை, பஸ்தான். இத்தனைக்கும் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் முதன்முதலில் வீடு கட்டிக் குடியேறியது கோத்தகிரி பக்கம்தான். கட்டியவர் ஜான் சல்லிவன்.

1788-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி பிறந்த சல்லிவன், சின்ன வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தவர். 1815-ல் கோவை கலெக்டர் ஆனார். அப்போது நீலகிரி கோவை மாவட்டத்தில் இருந்தது. மேலே தோடர், படுகர், கோத்தர், குறும்பர், இருளர் என மக்கள் வாழ்ந்து வந்தாலும், கீழே இருந்து ஏற நல்ல பாதை கிடையாது.

1819 ஜனவரியில் சல்லிவன் மலை ஏறினார். குளிரும் பச்சைப் புல்வெளியும் மனுஷனை மயக்கிவிட்டன. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அந்த வீடு இப்போது அவரது நினைவகமாக இருக்கிறது. சிறுமுகையில் இருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டும் வேலையையும் தொடங்கி வைத்தார். 1823-ல் அது முடிந்தது.

கல் பங்களா

அதற்குள் அவர் மனசு ஊட்டிக்குத் தாவிவிட்டது. தோடர்களிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கி, 1822-ல் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். அதுதான் ஊட்டியின் முதல் பங்களா. மக்கள் வைத்த பெயர் கல் பங்களா. இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

ஓடைகளை மறித்து ஏரி வெட்டியதும் அவர்தான். இப்போது இருப்பதை விட அது பெரிய ஏரி. ஊட்டி பஸ் நிலையத்தில் பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள் நிற்பது கூட பழைய ஏரி இருந்த இடத்தில்தான். உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் என இங்கிலீஷ் காய்கறிகளைப் பயிரிட வைத்தவரும் அவரே.

கவர்னருடன் மோதல்

இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம், நிலத்தை எடுத்தால் அவர்களுக்கு உரிய பணம் தர வேண்டும் என்று சல்லிவன் வாதாடினார். ஒரு ரூபாய்க்கு ஏக்கர் வாங்கிய அவரே இதைச் சொன்னது கொஞ்சம் நெருடல்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் அந்த அளவுக்குப் பேசிய அதிகாரிகள் குறைவு. 1827-ல் சென்னை கவர்னராக வந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. ஊட்டியை ராணுவத்தினர் உடல் தேறும் இடமாக்கி, ராணுவ அதிகாரி கையில் கொடுத்தார். 1830-ல் ஊட்டி உள்ளிட்ட பகுதி மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஊரை உருவாக்கியவருக்கு அந்த ஊரில் அதிகாரம் இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டே கோவை கலெக்டர் பதவியும் முடிந்தது.

லஷிங்டன் இன்னொன்றும் செய்தார். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாகப் புதுப் பாதை போட வைத்தார். வண்டியும் ஆளும் அந்தப் பக்கம் திரும்ப, கோத்தகிரி பாதை மவுசு இழந்தது.

சல்லிவன் பிறகு சென்னையில் பெரிய பதவிகள் வகித்தார். ஆனால் 1838-ல் மனைவி ஹென்ரியட்டாவையும் மகளையும் அடுத்தடுத்து பறிகொடுத்தார். இருவரும் ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். 1841-ல் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

பல் சக்கர ரெயில்

மலைக்கு ரெயில் விடும் யோசனை 1854-ல் வந்தது. மறு வருடம் ஜனவரியில் சல்லிவன் இறந்துவிட்டார். வேலை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த கம்பி பதித்து, என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். அதே குன்னூர் பள்ளத்தாக்கு வழிதான். குன்னூருக்கு முதல் ரெயில் ஓடியது 1899 ஜூன் 15. அன்று சல்லிவனின் பிறந்த நாள்! ஊட்டிக்கு 1908-ல் வந்தது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

சல்லிவன் கல்லறை எங்கே என்பதே பல காலம் தெரியாமல் இருந்தது. 2009-ல்தான் இங்கிலாந்தில் ஒரு தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள். மனைவியும் மகளும் ஊட்டியிலேயே இருக்கிறார்கள்.