மகாவித்துவானும் மாணாக்கரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் விளங்கிய புலவருள் தலைசிறந்தவர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆவர். அவர் பாடிய தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் கோவைகளும் மிகப் பல. ஆயினும் இன்று அவர் பெயர் பெரிதும் நினைக்கப்படுவது அவர் பாடிய நூல்களால் மட்டும் அன்று; அவரிடம் பாடங்கேட்ட மாணாக்கர்களாலேயே.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை பள்ளிக்கூடம் நடத்தி வாழ்ந்தவர். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. தந்தையார் இளமையிலேயே காலமாகிவிடவே, பிள்ளையவர்கள் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, தமிழறிந்தவர் எங்கே இருப்பினும் அவரைத் தேடிச் சென்று கற்றார்.

அக்காலத்தில் நூல்கள் அச்சில் வருதல் அரிது. ஏட்டுச்சுவடி வைத்திருப்போர் அதனைப் பிறர்க்குக் காட்டவும் தயங்குவர். பாடம் தெரிந்தவரும் எளிதில் சொல்லிவிடுவதில்லை. தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் அவ்வூர்க்கு வந்தபோது, பிள்ளையவர்கள் அவர் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்து, வேண்டிய பணிவிடைகளைச் செய்து, அவருடைய மனம் இரங்கிய வேளைகளில் சிறிது சிறிதாக அந்நூலைக் கேட்டுக்கொண்டார். இவ்வாறு வருந்திக் கற்றவர் பின்னர்த் தாமும் அவ்வாறே பிறரை வருத்துதல் உலகியல்பு. பிள்ளையவர்களோ நேர்மாறாக இருந்தார். கேட்டவர்க்கெல்லாம் கேட்ட பொழுதே பாடஞ் சொன்னார்.

அவருடைய மாணாக்கர் கூட்டம் அந்நாளைக்கு வியப்பானது. தியாகராச செட்டியார், சோடசாவதானம் சுப்பராய செட்டியார் முதலியோர் அவரிடம் பயின்று புலமை பெற்றனர். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர்; நாகூர்க் குலாம்காதிறு நாவலர் இசுலாமியர். பிள்ளையவர்கள் சிவபத்தி மிகுந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் என்னும் சிறப்புப் பெற்றவர். எனினும் பாடங்கேட்க வருபவரிடம் அவர் தேடியது தமிழ் வேட்கை ஒன்றையே.

1871ஆம் ஆண்டில், பதினாறு வயதுடைய இளைஞர் ஒருவரை அவருடைய தந்தையார் மாயூரத்திற்கு அழைத்து வந்து பிள்ளையவர்களிடம் ஒப்புவித்தார். இளைஞரின் பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டோ என்று ஆசிரியர் வினவ, வீட்டில் சாமிநாதன் என்றும் வழங்குவதாக அறிந்து, அப்பெயராலேயே அழைக்கலானார். பிற்காலத்தில் தமிழகம் முழுவதும் அறிந்த உ. வே. சாமிநாதையர் என்னும் பெயர் இவ்வாறு அமைந்தது.

தொடக்கத்தில் சாமிநாதையருக்கு நைடதம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சவேரிநாத பிள்ளையிடம் விடப்பட்டது. ஆசிரியர் வாயால் நேரே கேட்க வேண்டுமென்ற ஆவல் இளைஞர் உள்ளத்தை வாட்டியது. கேட்கவோ அச்சம். அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரஞ்செடிகளை அன்போடு வளர்த்து வந்தார். நாள்தோறும் காலையில் ஒவ்வொரு செடியாகச் சென்று, எங்கேனும் புதுத்தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தளிரைக் கண்டால் அவர் முகம் மலரும். இதனையறிந்த இளைஞர் விடியுமுன்னே எழுந்து தோட்டம் முழுவதும் சுற்றித் தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார். சில நாட்களில் ஆசிரியர் தளிரைப் பற்றி முதலில் அவரிடமே வினவத் தொடங்கினார். அந்த நெருக்கத்தால் அச்சம் நீங்கிய இளைஞர் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அன்று தொடங்கிய பாடம் ஆசிரியரின் இறுதி நாட்கள் வரையில் நடந்தது. இளைஞர் செய்தது ஒரு சிறு தந்திரமே எனலாம்; ஆசிரியர் அதனை உணராதிருந்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

பாடஞ் சொல்வதில் அவருக்கு இருந்த இன்பம் அளவற்றது. பகல் இரவு என்ற வரையறை இல்லை, இருக்குமிடமெல்லாம் பள்ளிக்கூடமே. நூல் கையில் இல்லாவிடினும் நினைவிலிருந்தே பாடலையும் பொருளையும் சொல்லிச் செல்வார். புதிய நூல் இயற்றுங்கால் அவர் வாய் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். கவி பிறப்பதை அருகிலிருந்து காண்பதே அவர்களுக்கு ஒரு பாடமாயிற்று. மாணாக்கர் உண்டனரா என்று விசாரிப்பதிலும் அவர் தவறியதில்லை.

அவர் வீட்டில் செல்வம் நிலைத்ததில்லை. வருவாய் வந்தால் செலவும் உடன் வரும். ஒருநாள் எண்ணெய் முழுக்கிற்காக அமர்ந்தவாறு சாமிநாதையருக்குப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார். நெடுநேரமாகியும் எண்ணெய் வரவில்லை. வீட்டில் எண்ணெய் இல்லை; வாங்கக் காசும் இல்லை. நிலையை உணர்ந்த மாணாக்கர் மெல்ல எழுந்து சென்று, தம்மிடமிருந்த காசால் எண்ணெய் வாங்கி, சமையற்காரரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல மீண்டும் வந்து அமர்ந்தார். எண்ணெயும் வந்தது, பாடமும் தொடர்ந்தது.

அன்பு மிகுந்தவராயினும் அவர் எதற்கும் இசைபவர் அல்லர். சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்று வந்ததை அறிந்தபோது அவருக்கு அது உவப்பாயில்லை. இசையில் மனம் பதிந்தால் இலக்கியத்தில் ஊக்கம் குன்றும் என்பது அவர் கருத்து. அக்கருத்து முற்றும் சரியானதுதானா என்பது வேறு. மாணாக்கர் இசைப் பயிற்சியை விட்டார்.

1876ஆம் ஆண்டு பிப்பிரவரி மாதம் முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் காலமானார். அப்பொழுது சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். சாமிநாதையர் அருகிலிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தார்.

அவர் மறைவுக்குப் பின்னும் மாணாக்கர் ஒருவரையொருவர் கைவிடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார், 1880இல் ஓய்வு பெற்றபோது தம் பதவியைச் சாமிநாதையருக்குக் கிடைக்கச் செய்தார். அவ்வூரிலிருந்தே சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். பின்பு, எழுபது வயதைக் கடந்தும், தம் ஆசிரியரைக் கண்டு பழகியவர் சொன்னவற்றையும் பழைய கடிதங்களையும் திரட்டி அவருடைய வரலாற்றை எழுதி, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.