ராமனிடம் ஆய்வு, 5 கட்டுரைகள், ஆனால் பிஹெச்.டி இல்லை: அன்னா மணிக்கு என்ன நடந்தது?

பிஹெச்.டி சேரும்போது முதலில் கைடைப் பார்ப்பதா, பல்கலைக்கழகத்தைப் பார்ப்பதா? இந்தக் குழப்பத்தில் இருப்பவர்கள் 1940-களில் பெங்களூருவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளணும்.

அன்னா மணி 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940-ல் உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். கைடு, சர் சி.வி.ராமன். நோபல் வாங்கி 10 வருஷம் ஆகியிருந்தது. நாட்டில் அதைவிடப் பெரிய பெயர் இல்லை.

வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளிர்கின்றன என்பதே அன்னாவின் ஆய்வு. 30-க்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலையைப் பதிவு செய்தார். ஒரு போட்டோ தட்டில் பதியவே 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூக்கம். 1942-க்கும் 1945-க்கும் இடையில் அவர் பெயரில் மட்டும் 5 கட்டுரைகள் வந்தன.

1945 ஆகஸ்டில் ஆய்வேடு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஏன் சென்னை? பெங்களூரு கழகம் அப்போது பல்கலைக்கழகமே இல்லை. நிகர்நிலை அந்தஸ்து 1958-லதான் வந்தது. ஆய்வு இங்கே, பட்டம் அங்கே.

சென்னை மறுத்துவிட்டது. காரணம் ஆய்வின் தரம் இல்லை, எம்.எஸ்சி இல்லாததுதான். ஆனர்ஸ், உதவித்தொகை, கட்டுரைகள் எதுவும் கணக்கில் வரவில்லை.

அதே ஆய்வகத்தில், அதே கைடிடம் இருந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். அவரும் ஆனர்ஸ்தான். 1942-ல் மின்பொறியியல் படிக்க வந்து, ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். ஆனால் பெங்களூருவில் இருந்தபடியே சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதலில் எம்.எஸ்சி வாங்கினார். அப்புறம் 1947-ல் டி.எஸ்சி.

ராமனின் ஆய்வகத்தில் ஆண் மாணவர்களும் பெண் மாணவர்களும் கலந்து பழகக் கூடாது. என் கணிப்பில் இது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பட்டத்துக்கு எதை முன்கூட்டி முடிக்கணும் என்பது சுற்றறிக்கையைவிட கேன்டீன் பேச்சில்தான் சீக்கிரம் தெரியவரும்.

பிறகு அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை. கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. 1948-ல் திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். இறக்குமதியை நம்பியிருந்த துறைக்காக, சுமார் 100 கருவிகளை உள்நாட்டிலேயே செய்யும்படி வரைபடங்களைத் தரப்படுத்தினார். 1976-ல் ஓய்வு பெற்றபோது துணைத் தலைமை இயக்குநர்.

ஓய்வுக்குப் பின் மறுபடி பெங்களூரு. ராமன் ஆய்வு நிறுவனத்தில் 3 வருஷம் வருகைதரு பேராசிரியர். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றிய அவரது 2 புத்தகங்கள் 1980, 1981-ல் வெளியாகின. பட்டம் கிடைக்காத அந்த ஆய்வேடு இதே நிறுவனத்தின் நூலகத்தில், பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகளோடு பைண்டு செய்து வைக்கப்பட்டது.