தாய்ஹோகுவில் நேர்ந்த விபத்து

1921இல் ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து, 1941இல் வீட்டுக்காவலினின்று தப்பித் தேசாந்தரம் சென்றவர் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ். 1943இல் சிங்கப்பூரில் அவர் அழைத்ததும் மலேயாத் தமிழர் திரளாகப் படையிற் சேர்ந்தனர். முத்துப்பேட்டைப் பக்கத்தில் மலேயாவுக்கு மக்களை அனுப்பிய வீடுகள் அந்நாட்களை மறவா.

ஜப்பான் சரணடைந்தபின், 1945 ஆகஸ்டு 17இல், ஸைகோனில் ஜப்பானியர் அவருக்கு ஒதுக்கியவை இரண்டே ஆசனங்கள். சகாக்களை அங்கேயே விட்டுக் கர்னல் ஹபிபுர் ரஹ்மானுடன் ஏறினார். அது முன்னரே பளு மிகுந்த குண்டுவீச்சு விமானம். மறுநாள் பிற்பகல், பார்மோஸாத் தீவின் தாய்ஹோகுவில், தரையை விட்டு எழும்பிய சில கணங்களிலேயே இடப்புறத்து இயந்திரம் கழன்று வீழ, விமானம் மோதித் தீப்பற்றிற்று. பெட்ரோலில் நனைந்த உடையுடன் நெருப்பினூடே வெளிவந்தவர் அன்றிரவே ஆஸ்பத்திரியில் காலமானார்.

இதனை 1956, 1974ஆம் வருஷத்து விசாரணைகள் ஏற்றன. முகர்ஜி கமிஷன் மறுத்தது. 2006இல் சர்க்கார் அம்மறுப்பை நிராகரித்தது. நாம் நம்புவது, உடனிருந்து தாமும் தீயிற் காயமுற்ற ரஹ்மானின் சாட்சியத்தையே. அஸ்தி டோக்கியோவில், ரென்கோஜி ஆலயத்தில் வைக்கப்பட்டது.