அல்பிரூனியார்

பிற நாட்டார் வரலாறு கூறும் நூல்கள் பல இக்காலத்து நம் கைக்கு எட்டுகின்றன. அவற்றுட் சில அயலாரை இகழ்வதற்கென்றே எழுந்தனவோ என்று ஐயுறும்படி இருக்கின்றன. வேறு சில வெறும் புகழ்ச்சியே நிரம்பியவை. இவ்விரு குற்றமுமின்றி நம் பாரத நாட்டைப்பற்றி இற்றைக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் ஒருவர் எழுதினார். அவர் இந்நாட்டிற் பிறந்தவரல்லர்; இந்நாட்டுச் சமயத்தினருமல்லர்; தம் மனம்போல் வாழப்பெற்றவருமல்லர். அல்பிரூனி என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

கி. பி. 973-இல் மத்திய ஆசியாவிலுள்ள குவாரிஸம் நாட்டில், கத் என்னும் நகரின்கண் அவர் தோன்றினார். அப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானத்தைச் சார்ந்தது. இளமையிலேயே கணிதமும் வான நூலும் கற்றார். 995-இல் அரசுரிமைப் போர் மூளவே ஊரைவிட்டு ஓடினார். பின்னர்க் காஸ்பியன் கடலின் தென்கீழ்பாலுள்ள குர்கான் நாட்டு மன்னன் ஆதரவில், 1000-ஆம் ஆண்டளவில், பாரசீகர், யூதர், கிறிஸ்தவர், அராபியர் முதலிய பல இனத்தாரும் ஆண்டு திங்கள்களைக் கணக்கிடும் முறையையும் அவர்தம் விழாக்களையும் தொகுத்து ஒரு நூல் செய்தார்.

தாய்நாடு திரும்பியிருந்த அவரை, 1017-இல் அந்நாட்டை வென்ற கஜினி மகமூது தன் தலைநகர்க்குக் கொண்டுசென்றான். அவரைச் சிறையில் இட்டானல்லன். ஆயினும் நினைத்த இடத்துக்குப் போகும் உரிமை அவர்க்கு இல்லை. மகமூதின் படைகள் நம் நாட்டுட் புகுந்து கொள்ளையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாட்சிக்குட்பட்ட பஞ்சாப் பகுதிக்கு அல்பிரூனியாரும் வந்தார். நந்தனா என்னும் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தைக் கொண்டு நிலவுருண்டையின் அளவைக் கணித்தார். படை பொன்னைத் தேடியது. அவரோ ஏடுகளைத் தேடினார்.

நாற்பதைக் கடந்த பின்னரே வடமொழி கற்கத் தொடங்கினார் என்பதை யாம் வியக்கின்றோம். அப்பிராயத்தில் ஒரு புதுமொழி பயில்வதன் இடர் எமக்கும் தெரியும். ஒரு பொருட்குப் பல சொற்கள், ஒரு சொற்குப் பல பொருள்கள், ஏடெழுதுவோர் செய்யும் பிழைகள், எல்லா நூலும் செய்யுளாயிருத்தல் ஆகியவற்றை அவர் குறையாகக் கூறுகின்றார். நிகண்டை நெட்டுருப்பண்ணிய எம்மனோர்க்கு இறுதிக் குறை சிறிது உறைக்கத்தான் செய்யும்! ஆயினும் அவர் பதஞ்சலி யோக நூலை அரபியில் ஆக்கினார்.

1030-இல் முற்றுப்பெற்ற அவரது இந்திய நூல் 80 அதிகாரங்களையுடையது. எக்கொள்கையையும் முதலில் அக்கொள்கையுடையார் கூறுமாறே கூறுவது அவர் முறை. பின்னர் யவனர் கருத்தோடு ஒப்பிடுவார். கற்றோர் கொள்கை வேறு, பாமரர் வழக்கம் வேறு என்று பிரித்துக் காட்டுவார். தம் நாட்டிற் சிறந்த நாடில்லையென இந்நாட்டறிஞர் செருக்குற்றிருந்ததைக் கண்டிக்கின்றார்; ஆயின் இவர்தம் முன்னோர் அத்தகையரல்லர் என்பதற்கு யவனரைப் போற்றிய வராகமிகிரரைச் சான்று காட்டுகின்றார்.

சாதிகளைப்பற்றியும் ஓர் அதிகாரம் உண்டு. நம் பத்திரிகையில் அதனை மறைத்தல் தகாது. நால்வகை வருணத்தையும், அவற்றுக்குப் புறத்தே தொழிலாற் பிரிந்த எட்டுக் கூட்டத்தாரையும் அவர் விவரிக்கின்றார். பண்டைப் பாரசீக அரசரும் மக்களை இவ்வாறு வகுத்தனர் என்கின்றார். தம் சமயத்தார் மக்களனைவரையும் ஒப்பக் கருதுவதால், இரு திறத்தாரும் நெருங்குதற்கு இவ்வேற்றுமையே பெருந்தடை எனவும் ஒளியாது எழுதுகின்றார். இதனைப் படித்தபோது எமக்குச் சினம் வரவில்லை, நாணமே வந்தது.

இனி அவர் துணிவைக் கேளுங்கள். நூல் முடிந்த அவ்வாண்டே மகமூது இறந்தான். அவன் மகன் அரியணை ஏறினான். அம்மரபினர் நிழலில் வாழ்ந்துகொண்டே, மகமூதின் படையெடுப்புக்கள் இந்நாட்டின் செல்வத்தை அழித்தன என்றும், அதனால் இங்குள்ள கலைகள் காசுமீரம், காசி போன்ற எட்டாத இடங்களுக்கு ஓடிப்போயின என்றும் எழுதிவைத்தார். வென்றவனைச் சார்ந்து வாழ்ந்தவர் வெல்லப்பட்டவர் இழப்பை இங்ஙனம் எழுதுதல் அரிது.

பின்னர் மகமூதின் மகன் மசூதின் பெயரால் பெரியதொரு வானநூல் இயற்றினார். அதற்குப் பரிசாக வந்த யானைச்சுமை வெள்ளியைத் திருப்பியனுப்பினார் என்பர். நூறு நூல்கட்குமேல் எழுதி, 75 வயதளவில் கஜினியிலேயே உயிர்நீத்தார்.

அவர் இறுதிநாளைப்பற்றிப் பிற்காலத்தார் ஒரு செய்தி கூறுவர். காணவந்த சட்ட அறிஞர் ஒருவரிடம், முன்னொருநாள் அவர் சொல்லிய தாயபாகக் கணக்கொன்றை மீண்டும் விளக்குமாறு வேண்டினார். இந்நிலையிலா என்று நண்பர் தயங்கினார். அறியாமற் சாவதினும் அறிந்து சாவது நன்றன்றோ என்றார் அல்பிரூனியார். நண்பர் விளக்கினார், அவர் அதனைத் திருப்பிச் சொல்லி மனத்திற் பதித்துக்கொண்டார். விடைபெற்று வெளியே வந்த நண்பர் தெருவைக் கடக்குமுன்னரே வீட்டினுள் அழுகையொலி எழுந்தது.