சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடரும் பின்னங்கள் ஆகியவற்றில் புதிய முடிவுகள் பலவற்றைக் கண்டறிந்தார். உயர்கணிதத்தைப் பெரும்பாலும் ஆசிரியர் துணையின்றி, ஓர் உசாத்துணை நூலின் வழியே கற்றவர்.

இளமை

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கெழுதுபவர். நகர உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே லோனி எழுதிய முக்கோணவியல் நூலைக் கற்றுத் தேர்ந்தார்.

கார் எழுதிய நூல்

1903 இல் ஜார்ஜ் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல் இவருக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ச் தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றுவித்த கார், ஏறத்தாழ 5,000 தேற்றங்களை வரிசைப்படுத்தி அதில் தொகுத்திருந்தார். பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. இருப்பவையும் மிகச் சுருக்கமானவை. தேர்வுக்கு முன் நினைவூட்டிக் கொள்பவருக்கு ஏற்ற இந்நூல், புதிதாகக் கற்பவருக்கென எழுதப்பட்டதன்று. எனினும் இராமானுசன் ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவ முயன்று, அவற்றிலிருந்து புதியனவற்றைக் கண்டார். தாள் விலை மிகுந்திருந்ததால் பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். இக்குறிப்பேடுகளும் காரின் நூலைப் போன்றே நிறுவல்கள் இன்றி அமைந்தன.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. ஏனைய பாடங்களைப் புறக்கணித்ததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் தேர்வில் தோல்வியுற்றார். நூல் பழையதாகையால் அக்காலச் சிக்கலெண் பகுப்பாய்வை அவர் அறியவில்லை. பகா எண்கள் பற்றிய அவரது தொடக்கக் கூற்றுகள் சில பிழையானதற்கு இதுவும் காரணமாகும்.

கேம்பிரிட்ச் வாழ்க்கை

1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சனவரி 1913 இல் கேம்பிரிட்ச் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை அனுப்பினார். 1914 இல் இங்கிலாந்து சென்று, ஹார்டியுடன் இணைந்து ஆய்வு செய்து, நிறுவும் முறைகளையும் கற்றார். 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919 இல் தாயகம் திரும்பி, 32 ஆவது வயதில் சென்னையில் காலமானார்.

பிற்காலத் தாக்கம்

குறிப்பேடுகளின் முடிவுகளைப் புரூஸ் பெர்ன்ட் ஆராய்ந்து, நிறுவல்களுடன் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். இராமானுசன் 1914 இல் வெளியிட்ட தொடர் ஒன்றைப் பயன்படுத்தி, பில் காசுப்பர் 1985 இல் பை எண்ணின் மதிப்பைக் கணினி மூலம் 1.7 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களுக்குக் கணித்தார்.